பிரபலங்களின் செய்தியும் நம் வீட்டுச் சிரிப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வரிப்பத்தான்சேனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆலோசனை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு "ஊடகமும் பெண்களும்". அது பெரிய வட்டை. அரை மணி நேரத்தில் அதை உழுது முடிக்க என்னால் ஆகாது. அதனால் ஒரு வரம்புக்குள் நின்றுகொள்கிறேன். பிரபலமான ஒருவர் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்ற செய்தி வரும்போது, அவரே சொன்னாலும் சரி, பிறர் இழுத்துப் போட்டாலும் சரி, நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் நான் பேசப் போவது. இதைச் சொன்னதும் என் கூட்டாளி ஒருத்தி, "எங்கட மண்டபத்தில இந்தக் கதையா?" என்று கேட்டாள். இந்தக் கதை மண்டபத்துக்கு மட்டும்தான் புதியது. நம் குசினிகளிலும், கலியாண வீடுகளிலும், வெட்டுக்காலத்தில் வாடியிலும் இது நெடுநாளாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சிறு பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். நாம் வயதுக்கு வந்தவர்களாகக் கதைக்கலாம்.

ஒன்றை முதலிலே சொல்லிவிடுகிறேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பேசப்போவது நாவைப் பற்றி. அதைப் பற்றியும் மார்க்கம் நிறையவே சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நாம் அவ்வளவாகப் புரட்டுவதில்லை.

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி நினைவிருக்கிறதா? அன்று இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கினார். நாட்டில் எந்தப் பிரதமர் உண்மையான பிரதமர் என்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை. நவம்பர் 5ஆம் திகதி பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் பெரிய கூட்டமொன்று கூடியது. அங்கே பேசிய ஜனாதிபதி, ரணிலும் அவரைச் சுற்றியிருந்த சிறு குழுவும் நாட்டைப் பார்க்காமல் வண்ணத்துப்பூச்சி வாழ்க்கை வாழ்ந்தார்கள் என்ற கருத்தில் ஒரு சொல்லை வீசினார். சிங்களத்தில் 'சமனளயா' என்ற அந்தச் சொல் ஆண்களை நோக்கிச் சொல்லப்பட்டால் அதன் பொருள் என்ன என்பது கூட்டத்துக்குத் தெரியும். கூட்டம் சிரித்தது. நாட்டின் மிக உயர்ந்த கதிரையில் இருந்தவர் சொன்ன பகிடி அது.

அதுவரை நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அன்றே பதில் எழுதினார். ஜனாதிபதி அவர்களே, அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பதையே நான் விரும்புவேன் என்பதுதான் பதில். ஒரே வரி. வயலில் காலை வைத்துப் பழகிய நமக்கு அட்டை என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. மங்கள மேடையேறி, நான் இன்னார் என்று அறிவித்தவரல்ல. மறுத்தவரும் அல்ல. "என்னையா சொன்னீர்கள்?" என்று கோபித்து, ஒரு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் நிறுத்திப் படம் காட்டவும் இல்லை. வீசிய சொல்லைக் கையில் பிடித்து, அதைச் சட்டையிலே குத்திக்கொண்டார். 2021 ஓகஸ்ட் 24ஆம் திகதி கொரோனாவில் அவர் இறந்தபோது, தன் தன்பாலின ஈர்ப்பை ஒளிக்காமல் வாழ்ந்த அரசியல்வாதி என்று பலரும் எழுதினார்கள்.

அந்தக் கிளிப் நம் பகுதிக்கும் வந்தது. நம் வீடுகளிலும் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பதை ஒரு கணம் யோசித்துப் பார்ப்போம். மாத்தறையில் பிறந்து லண்டனில் உடை வடிவமைப்புப் படித்து வந்தவர். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெற்கிலே பிள்ளைகளைக் காணாமல் பறிகொடுத்த தாய்மாரைச் சேர்த்து அன்னையர் முன்னணியைக் கட்டியவர்களில் ஒருவர். இது பெண்கள் கூட்டம் என்பதால் இன்னொன்றையும் கூச்சமில்லாமல் சொல்லலாம். மாதவிடாய்த் துவாய்க்கு நம் நாட்டில் எல்லா வரிகளையும் கூட்டினால் நூறு சதவீதத்துக்கும் மேல் போன காலம் ஒன்று இருந்தது. அதாவது துவாயின் விலையைவிட வரி கூட. 2018 செப்டெம்பரில் அதிலிருந்து செஸ் வரியை எடுத்து, சுமையைக் கணிசமாகக் குறைத்தது மங்கள நிதியமைச்சராக இருந்த காலத்தில்தான். மாதத்தில் நாலு நாள் பாடசாலைக்கு வராமல் நிற்கும் பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டை ஆண்டாண்டாகப் பார்த்தவள் நான். அந்த வரிக் குறைப்பு எனக்குச் சின்ன விசயமல்ல. இரண்டு மாதம் கழித்து வந்த பகிடிக்குச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் துவாயை வாங்கும் பிள்ளைகளின் வாப்பாமார்! பிறகு 2020இல் நம் ஜனாஸாக்களை எரித்தார்களே, அப்போது அதற்கெதிராக வாய் திறந்த சிங்களத் தலைவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த விரல்களில் ஒன்று அவருடையது.

நமக்கு நல்லது செய்தவர், ஆகையால் அவரைச் சிரிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வியாபாரக் கணக்காகிவிடும். ஒரு மனிதனின் முழு வாழ்வையும் ஒரு சொல்லுக்குள் அமுக்கிவிட்டால், அதற்குப் பிறகு அந்த மனிதன் செய்த எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இது நமக்கு நடந்தபோது நமக்கு எப்படி இருந்தது?

அதே 2018, பெப்ரவரி 26 இரவு. இங்கிருந்து எவ்வளவு தூரம்? அம்பாறை நகரம். நம் ஆட்கள் நடத்திய ஒரு சாப்பாட்டுக் கடையில், கறியில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்று ஒரு கதை. ஒரு வீடியோ. கடையும் உடைந்தது, பள்ளிவாசலும் உடைந்தது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்து, மருந்து எதுவும் இல்லை, அது மாவுக்கட்டி என்றார். மாவுக்கட்டி! அதற்குள் அந்தப் பொய் நாடு முழுக்கச் சுற்றி முடிந்திருந்தது. அன்று கைபேசியில் அந்த வீடியோவை அனுப்பிய ஒவ்வொருவரும் தான் எதையும் உடைக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். அனுப்பிச் சிரித்தார்கள், அவ்வளவுதான். அந்த இரவில் நடுங்கிய நாம், எட்டு மாதம் கழித்து வேறொரு மனிதரைப் பற்றிய கிளிப்பை அதே விரலால் அனுப்பினோம்.

கைபேசி என்றதும் ஒரு சின்னக் கதை. ஐஃபோன் செய்யும் ஆப்பிள் கம்பனியின் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டே டிம் குக், 2014 ஒக்டோபரில் தான் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று பகிரங்கமாக எழுதினார். நம் வட்ஸ்அப் குழுவொன்றில் இந்த வகைப் பகிடிகளை ஓயாமல் போடும் ஒரு சகோதரர் இருக்கிறார். அவர் அவற்றைப் போடுவது, மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஐஃபோனில். பெயர் சொல்லமாட்டேன், அவருடைய மனைவி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறா.

சரி, ஆண்களின் கதையை விடுவோம். பெண்ணொருத்திக்கு வந்தால் என்ன நடக்கிறது?

மருதமுனைப் பக்கம் போனவர்களுக்குத் தறிச் சத்தம் தெரியும். அப்படியொரு நெசவாளர் வீடு இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில், சக்கா கோபால்பூர் என்ற ஊரில். ஏழு பிள்ளைகள். அதில் ஒருத்தி டுத்தி சந்த். ஓட்டக்காரி. பெண்களுக்கான 100 மீற்றரில் இந்தியச் சாதனையைத் தன் பெயரில் எழுதியவள். 2014இல் அவளுடைய உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஹோர்மோன் கூட என்று சொல்லிப் பொதுநலவாய விளையாட்டுக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை. "இது பெண்ணா?" என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகள் கேட்டன. அவள் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் 2015இல் வழக்கை வென்றாள். 2018 ஆசிய விளையாட்டு விழாவில் இரண்டு வெள்ளி எடுத்தாள்.

2019 மே மாதம் அவள் ஒரு பத்திரிகைக்குச் சொன்னாள்: தன் ஊர்ப் பெண்ணொருத்தியோடு தனக்கு உறவு இருக்கிறது என்று. இந்தியாவில் தடகளத்திலோ வேறு விளையாட்டிலோ இந்த அளவு பேர்பெற்ற ஒருவர் இப்படிச் சொன்னது அதுவரை இல்லை. அந்தப் பெண்ணின் பெயரை அவள் சொல்லவில்லை, அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றாள். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். தன்னைத் திறந்து காட்டியவள் மற்றவளின் திரையைத் திறக்கவில்லை. பிறகு இன்னொன்றும் சொன்னாள். தானாக விரும்பி இதை வெளியே சொல்லவில்லை, தன் சொந்த அக்காவே இதை வைத்து மிரட்டியதால்தான் சொல்ல வேண்டி வந்தது என்று. அக்கா வேறு கதை சொன்னார். எது சரியென்று நாம் தீர்ப்பளிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள்ளே இரகசியம் ஒன்று விலையாக மாறுவதை அங்கே பார்க்கலாம்.

என் கண் போனது அந்தத் தாயின் பக்கம். நாங்கள் நெசவாளர் குடும்பம், இதை எப்படி ஏற்பது, ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கருத்தில் அந்தத் தாய் பேசியதாகப் பத்திரிகைகள் எழுதின. மகளுக்கு என்ன ஆகும் என்பது முதல் கேள்வியாக இருக்கவில்லை, ஊர் என்ன சொல்லும் என்பதுதான் முதல் கேள்வி. நான் அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை அவளுடைய வாயில் வைத்தது ஊர். ஊர் என்றால் யார்? பக்கத்து வளவு. வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்க்கிற நாம்தான்.

இரண்டு மாதத்தில், 2019 ஜூலையில், இத்தாலியின் நாப்போலி நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றரை 11.32 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தாள் டுத்தி. அப்போது வாழ்த்தியவர்களில் மே மாதத்தில் ஏசியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணியவர் யாருமில்லை. பிற்காலத்தில் தடைசெய்யப்பட்ட மருந்து உடம்பில் இருந்ததென்று 2023இல் நான்கு வருடத் தடையும் வாங்கினாள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அது விளையாட்டுக் குற்றம், அதற்கு விசாரணை இருக்கிறது, தண்டனை இருக்கிறது. அவளைக் குறை சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லுங்கள். மே மாதத்து ஏச்சுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இனி, கொழும்பும் ஒடிசாவும் போதும். நம் ஊருக்கு வருகிறேன்.

முப்பது வருடம் ஆலோசனை அறையில் இருந்தவள் நான். அந்த அறையில் கேட்டதை வெளியில் கொட்டுபவள் அல்ல என்பதால்தான் இன்னும் ஆட்கள் என் வீட்டுக் கடப்பைத் திறந்துகொண்டு வருகிறார்கள். ஆகவே இந்தக் கதையில் இடமும் ஆட்களும் மாற்றப்பட்டிருக்கின்றன. இன்னாராக இருக்குமோ என்று தேடவேண்டாம். தேடினால் பிழையான வீட்டுக்குத்தான் போவீர்கள்.

ஒரு தாய் வந்தா. ஒரே மகள். நம் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும், பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்து, தகப்பன் வெளிநாட்டில் பட்ட பாட்டையெல்லாம் சீமெந்தாக மாற்றி ஒரு வீடு எழும்பியது. மாப்பிள்ளை படித்தவர், தொழுகையாளி, ஒரு கெட்ட பழக்கம் இல்லை. ஊரே, "நல்ல இடம்" என்றது. ஏழு மாதம். ஏழு மாதமும் அந்தப் பொடியன் முன் ஹோலில் பாய் போட்டுத்தான் படுத்தார். மகள் முதலில் தன்னைத்தான் குறை கண்டாள். நிறம் காணாதோ, உடம்பு கூடவோ என்று கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். மாமி வந்து, "மாப்பிள்ளையைக் கையிலே வைத்துக்கொள்ளத் தெரியாத பெண்" என்றா. ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியில் ஒருநாள் அந்தப் பொடியனே அவளுக்கு முன்னால் அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கலியாணத்துக்கு முன்னரே தன் உம்மாவிடம் சொன்னாராம். உம்மா, "நிக்காஹ் நடந்தா எல்லாம் சரி வரும், இதை உன்ட வாப்பாட காதுல போட்டுடாதே" என்றாவாம்.

"ஏன் உங்கட வாப்பாக்குச் சொல்லல்ல?" என்று மகள் கேட்டாளாம். அதற்கு அந்தப் பொடியன் சொன்னதை அந்தத் தாய் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். "எங்கட ஊட்ட டீவில இப்படி ஆராச்சும் பெரிய ஆட்களப் பத்தி கத வந்தா எல்லாரும் உழுந்து உழுந்து சிரிப்பாங்க. ஆகச் சத்தமாச் சிரிக்கிற ஆள் நான்தான்."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் இன்று இந்தத் தலைப்பை எடுத்தேன்.

ஆகச் சத்தமாகச் சிரித்தவர் அவர். அந்தச் சிரிப்பு அவருக்கு ஒரு வேலி. வேலியைப் பலப்படுத்த இன்னும் ஒரு கம்பு வேண்டும், அந்தக் கம்புதான் கலியாணம். அந்தக் கம்பாக நடப்பட்டது யாருடைய பிள்ளை? நம்மைப் போன்ற ஒருத்தியின் பிள்ளை. நாம் கொழும்பில் இருக்கும் மந்திரியைப் பார்த்துச் சிரித்தோம். மந்திரிக்கு அது கேட்கவே இல்லை. கேட்டாலும் ஒற்றை வரியில் பதில் சொல்லத் தெரிந்தவர். கேட்டது பக்கத்துக் கதிரையில் இருந்த பதினாறு வயதுப் பையனுக்கு. பத்து வருடம் கழித்து அதன் விலையைக் கொடுத்தது, ஈடு வைத்த வயலோடும் தலாக்கோடும் வீட்டுக்குள் முடங்கிய ஒரு பெண். காதி நீதிமன்றத்துக்குப் போனபோதும் அவள் காரணத்தைச் சொல்லவில்லை. அந்தப் பொடியனுக்குச் செய்து கொடுத்த சத்தியம். ஊர், "புருசனோட வாழத் தெரியாதவ" என்றது. அவள் அதையும் சுமந்தாள். வயல் இன்னும் மீளவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு வந்தால் இதே மருந்தை இன்னும் அவசரமாகக் கொடுக்கிறோம். சின்ன ஐயம் ஒன்று போதும், படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவோம். இரண்டு பிள்ளைகள் ஒரே கதிரையில் ஒட்டி உட்கார்ந்தார்கள் என்பதற்காக உயர்தரத்தைப் பாதியில் விட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவர்கள் வெறும் கூட்டாளிமார். அப்படி இல்லாவிட்டாலும் உயர்தரப் பரீட்சை உயர்தரப் பரீட்சைதான். நிக்காஹ் ஒரு ஒப்பந்தம், ஒரு அமானிதம். அதை மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுக்க எந்த உம்மாவுக்கும் அனுமதி இல்லை.

ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பின் வரிசையில் முகங்களைப் பார்க்கிறேன். "டீச்சர், நாங்க சிரிக்காம இருந்தா அதைச் சரியெண்டு ஏத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" ஆகாது. ஊரிலே வட்டிக்குக் கொடுப்பவர் இருக்கிறார். வட்டியைப் பற்றி மார்க்கம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவரைப் பார்த்து யார் சிரிக்கிறோம்? கலியாண வீட்டில் முன் வரிசையில் கதிரை போடுகிறோம். ஸலாம் சொல்கிறோம். அதனால் வட்டியை ஹலால் ஆக்கிவிட்டோமா? இல்லை. ஆக, கொள்கையை விடாமல் மரியாதையையும் காப்பாற்றும் வித்தை நமக்கு நன்றாகவே தெரியும். காசுள்ளவருக்கு மட்டும் அதைச் செய்து பழகியிருக்கிறோம்.

சூரத்துல் ஹுஜுராத்தை நாம் எல்லோரும் ஓதியவர்கள்தான். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிப்பது, பட்டப் பெயர் வைப்பது, சந்தேகப்படுவது, துருவித் துருவி ஆராய்வது, புறம் பேசுவது, இத்தனையும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டுத்தான் வருகிறது. பத்தினிப் பெண்கள் மீது பழி சொல்பவரிடம் நான்கு சாட்சி கேட்கிறது சூரத்துந் நூர், கொண்டுவராவிட்டால் பழி சொன்னவருக்குத்தான் அடி. வட்ஸ்அப்பில் நமக்கு ஒரு சாட்சி கூடத் தேவைப்படுவதில்லை. "கேள்விப்பட்டன்" என்ற ஒரு சொல் போதும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365 அ பிரிவுகள் 1883இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன கோவையின் வழியில் வந்தவை. 1995இல் திருத்தம் செய்தபோது "ஆண்" என்றிருந்த இடத்தில் "ஆள்" என்று வந்தது. அதோடு பெண்களும் அதற்குள் வந்தார்கள். நம் நாட்டிலே சமத்துவம் வந்த விதத்தைப் பாருங்கள்! ரோசானா ஃபிளேமர்-கல்தேரா என்ற இலங்கைப் பெண்மணி தன்னை ஒளிக்காமல் இதை எதிர்த்து, பெண்களுக்கெதிரான பாரபட்சத்தைக் கவனிக்கும் ஐ.நா. குழுவரை போனார். 2022இல் குழு அவர் பக்கம் முடிவு சொன்னது. பிறகு ஒரு தனிநபர் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றமும் அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது. 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அது சட்டமாகாமலே போனது. பக்கத்து இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதியே இந்தக் குற்றத்தை எடுத்துவிட்டது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஆலோசனை அறையில் நான் கண்டது ஒன்றுதான். அந்தச் சட்டத்தால் யாரும் திருந்தி நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பணம் பறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மிரட்டுபவன் கையில் அது ஒரு கத்தி. இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள், கதைப்போம்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு சொல் இருக்கிறது. அங்கே ஒரு நடிகரோ விளையாட்டு வீரரோ தன்னைப் பற்றிச் சொன்னால் கைதட்டுகிறார்கள், வாழ்த்து குவிகிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கே இருக்கும் பிள்ளைகளிடம், "நீயும் துணிந்து சொல்லு, பயப்படாதே" என்று சிலர் எழுதுகிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் மங்களவுக்கு ஒரு பெயர் இருந்தது, பதவி இருந்தது. டுத்திக்குக் கால் இருந்தது, பதக்கம் இருந்தது, தனியாக வாழ வருமானம் இருந்தது. வரிப்பத்தான்சேனையில் பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? படுக்கிற பாயும் படிக்கிற புத்தகமும் வாப்பாவுடையவை. சொன்ன இரவில் அவள் எங்கே போவாள்? லண்டனில் இருந்து நீங்கள் வந்து கூட்டிப் போவீர்களா? வெளியே இழுப்பது ஒரு அநியாயம் என்றால், வெளியே வா என்று தள்ளுவதும் அதற்குப் பெரிய தூரத்தில் இல்லை. எப்போது, யாரிடம், எவ்வளவு என்பது சொல்பவருக்கு உரியது. அதுவரை அது அவருடைய திரை.

அப்படியானால் பெரிய உம்மாமார் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இப்படியொரு செய்தி டீவியில் வரும்போது, சின்னவள் திரும்பி, "உம்மா, வண்ணத்துப்பூச்சி எண்டா ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று கேட்பாள். என் பேத்தி கேட்டாள். "அது ஒரு ஆளைக் கேவலப்படுத்தச் சொன்ன சொல்லும்மா, சொன்னவருக்கு அழகில்ல" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. விளையாடப் போய்விட்டாள். பக்கத்தில் இருந்த அவளுடைய காக்கா மட்டும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. கேட்க வேண்டும் என்று அவன் நினைத்தால் என் வீடு எங்கே என்று அவனுக்குத் தெரியும்.

யாராவது ஒரு பிள்ளை வந்து சொன்னால், முதலில் வாயை மூடிக் காதைத் திறவுங்கள். "ஆருக்கும் சொல்லமாட்டன்" என்று சொன்னால் அதைக் காப்பாற்றுங்கள், மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லாதீர்கள். அந்த இரவிலேயே கலியாணம் பேச வேண்டாம், அந்த இரவிலேயே மௌலவியைக் கூப்பிடவும் வேண்டாம். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் மட்டும் தாமதிக்காதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1929 சிறுவர் பாதுகாப்பு இலக்கம். இரண்டையும் மலரின் பின் அட்டையில் போடும்படி குழுவிடம் கேட்டிருக்கிறேன், பெரிய எழுத்தில்.

தலைவி மணியைப் பார்க்கிறா. ஒரேயொரு வேண்டுகோளோடு இறங்குகிறேன். நூற்றாண்டு நினைவாகச் சங்கம் பாடசாலைக்கு ஒரு ஆலோசனை அறை கட்டிக் கொடுக்கப் போவதாக அறிந்தேன், அல்ஹம்துலில்லாஹ். வரைபடத்தைப் பார்த்தேன். வாசல் ஆசிரியர் அறைக்கு நேரே வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் எந்தப் பிள்ளை உள்ளே போனாள், எவ்வளவு நேரம் இருந்தாள், அழுத கண்ணோடு வந்தாளா என்று இருபது பேர் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசலை மறுபக்கம், வேப்பமரத்துப் பக்கமாக மாற்றித் தாருங்கள். மேசனோடு கதைத்துவிட்டேன், செலவு கூடாது என்கிறார்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.